ரெண்டு அட்டை, ஒரே மாத்திரை

"தம்பி, இந்த ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?"

எதிர்வீட்டு அக்கா இரண்டு மாத்திரை அட்டைகளை நீட்டினார். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு அவர் மாமியாரைக் கொண்டுவந்து அப்போதுதான் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள்.

ஒன்று வீட்டு டப்பாவில் பல காலமாக இருப்பது. இன்னொன்று ஆஸ்பத்திரிப் பையில் வந்தது. கம்பெனி வேறு, நிறம் வேறு, மேலே போட்டிருக்கும் பெயரும் வேறு.

பொடி எழுத்தில் மட்டும் இரண்டிலும் அம்லோடிபின் 5 மி.கி. என்ற அதே பிரஷர் மருந்து.

தெரியாமல் இரண்டையும் கொடுத்திருந்தால் பிரஷர் இறங்கி, எழுந்து நிற்கையில் தலைசுற்றும். இந்தக் காலோடு மறுபடி விழுந்தால்... நினைக்கவே பதறுகிறது. டாக்டருக்குப் போன் போட்டோம். பழையதை நிறுத்தச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். விளக்கம் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர் மாமியாரின் மகன். அவர் நாளைக்குச் சென்னைக்கு வேலைக்குத் திரும்புகிறார்.

மாத்திரை கொடுக்கப்போவது அக்கா. படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கப்போவது அக்கா. ராத்திரி பாத்ரூமுக்குத் தாங்கிப் போகப்போவதும் அக்காதான். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள் டாக்டர். எதை நிறுத்தணும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. அக்காவின் மாமியார் பேரைப் பதிய நாளைக்கு அக்காவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன்.

கடலூர்க்காரர்கள் யாரிடமாவது வாக்கர் சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.