ஒரே ஸ்க்ரூவில் தொங்கிய ஷவல்

பனி அள்ள ஷவல் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியும் தகடும் சேரும் இடத்தைப் பாருங்கள். எனக்கு விற்கப்பட்டதில் அங்கே இருந்தது ஒரே ஒரு ஸ்க்ரூ. ஈரப்பனி பெய்த காலையில் துளையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பிளந்து, கம்பு மட்டும் கையோடு வந்தது.

ரசீதையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் உடைந்த இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. “இது தேய்மானம் சார், உத்தரவாதத்தில் வராது.” பனி அள்ள விற்ற பொருள் பனி அள்ளியதால் தேய்ந்துவிட்டதாம்! அட்டையில் தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாடகைக்கு விட்டால் செல்லாது என்று மட்டும்தான் இருந்தது. அதைக் காட்டியதும் மேலாளர் இல்லை, நாளை வாருங்கள் என்றார். அந்த அலைச்சல் வீண். மறுநாள் மேலாளர் அட்டையைப் படித்துவிட்டு, பேசாமல் வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

முதல் ஷவலை விற்றவர் சொன்ன காரணம், “அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும்.” தள்ளுவதற்குச் சரி, தூக்குவதற்கு இல்லை. 60 சென்டிமீட்டர் அகலத் தகட்டில் சுமார் 25 லிட்டர் பனி ஏறும். புதிதாக விழுந்த பொடிப்பனி என்றால் இரண்டு கிலோ சொச்சம். அதுவே நனைந்து இறுகியிருந்தால் எட்டு, பத்து கிலோ. வீட்டு வாசலில் பனி அகற்றும் லாரி ஒதுக்கிவிட்டுப் போகும் கட்டிகள் இன்னும் மோசம். அதனால் இந்த முறை 45 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன்.

தகடு எதில் என்பதில்தான் அதிக நேரம் போனது. எஃகு உறுதியானது, ஆனால் சும்மா தூக்கவே கனம்; தரைக்கல்லையும் கீறும். பிளாஸ்டிக் லேசானது, பனி அவ்வளவாக ஒட்டாது, கடுங்குளிரில் மட்டும் விறைத்து வெடிக்கலாம். நான் எடுத்தது அலுமினியம். தகடும் கம்பும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட். விளிம்பு வளையத்தான் செய்யும், சுத்தியலால் தட்டிக்கொள்ளலாம். விளிம்பில் உலோகப் பட்டை வைத்தவை மேடுபள்ளமான கல் தரையில் மாட்டி, கைப்பிடி வயிற்றில் குத்தும். நம் தரையைப் பார்த்து வாங்க வேண்டும்.

கையுறையைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். வெறுங்கையில் கச்சிதமாக இருந்த பிடிக்குள் தடித்த கையுறை நுழையவே இல்லை. சும்மா தூக்கிப் பார்க்காமல் அள்ளுவது போலக் குனிந்தும் பாருங்கள். முதுகு ரொம்ப வளைந்தால் கம்பு குட்டை. வளைந்த கம்பு முதுகுக்கு நல்லதுதான், ஆனால் உயரமாக வீசும்போது எனக்குக் கை வாகாக வரவில்லை.

இன்னொன்று: பெரும்பனி அறிவிப்பு வந்தபின் போனால் எல்லோரும் ஒதுக்கிய அந்த அகலப் பிளாஸ்டிக்தான் மிஞ்சியிருக்கும். இலையுதிர் காலத்திலேயே போய்விடுங்கள்.