மாமாவின் டி டிரைவ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டதும், மாமாவின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

"பேக்கப் எடுத்தாச்சா மாமா?"

"அதெல்லாம் எப்பவோ. டி டிரைவ்ல பத்திரமா இருக்கு."

"அது தனி டிஸ்க்கா?"

"தனிதாண்டா. சி வேற, டி வேற."

இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுதான். டிஸ்க் போனால் சேர்ந்தே போகும் என்றேன். "இத்தனை வருஷமா போகலையே" என்றார். இந்த வாதத்துக்கு எந்த மேன்யுவலிலும் பதில் கிடையாது.

ஒருவழியாக எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வந்தது. டி டிரைவைத் திறந்தால் 'பேக்கப்' என்றொரு ஃபோல்டர். அதற்குள் 'பேக்கப் புதுசு'. அதற்குள் 'பேக்கப் புதுசு ஃபைனல்'. அதற்குள் மறுபடியும் 'பேக்கப்'. எல்லாவற்றிலும் அதே கல்யாண ஃபோட்டோக்கள். "எதையும் அழிச்சுடாதே" என்று உத்தரவு, அப்படியே அள்ளிக்கொண்டேன். நாலைந்து படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்துவிட்டு, அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இன்ஸ்டாலரில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று மொட்டையாகத்தான் பெயர் வரும். உள்ளே இருப்பதும் 1 டிபி, வெளியே இருப்பதும் 1 டிபி. செருகாத டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது.

அளவைப் பார்த்ததும் மாமாவுக்கு ஒரே குஷி. "விண்டோஸ்ல 931 ஜிபிதான் காட்டிச்சு. இதுல 1000! 69 ஜிபி லாபம் பாத்தியா?" ஒன்று 1024-ஆல் வகுக்கிறது, இன்னொன்று 1000-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவரை எதற்குக் கெடுப்பானேன்.

டிஸ்க்கைப் பிரித்தேன்: பூட் ஆக இஎஃப்ஐ பார்ட்டிஷன் 512 எம்பி, சிஸ்டம் இருக்கும் ரூட்டுக்கு 80 ஜிபி, மிச்சமெல்லாம் மாமாவின் ஃபைல்களுக்கான ஹோம். நாளைக்கே சிஸ்டத்தைத் திரும்பப் போட நேர்ந்தாலும், ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு ஹோமைத் தொடாமல் விடலாம். ஹைபர்னேட் (திறந்திருப்பதை அப்படியே டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) வேண்டுமென்றால் ரேம் அளவுக்காவது ஸ்வாப், அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் இடம், ஒதுக்க வேண்டும். மாமா கம்ப்யூட்டரை அணைக்கும் முறையே சுவர் சுவிட்ச்தான் என்பதால், சின்னதாக ஒரு ஸ்வாப் ஃபைலோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, சிஸ்டத்தின் அந்தந்த நேரத்து நிலையை ஸ்னாப்ஷாட்டாக நகலெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட்டையும் அமைத்துக் கொடுத்தேன். பட்டியலில் முதல் ஸ்னாப்ஷாட் ஏறியதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுவே தினம் பேக்கப் எடுத்துக்குமா? அப்ப அந்த வெளி டிஸ்க் வேண்டாமே!"

"வேணும் மாமா. இது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாத்தும். நாமா சொன்னாலொழிய ஹோம் பக்கமே போகாது. அதோட இதுவும் அதே டிஸ்க்லதான் கிடக்கு. ஃபோட்டோவெல்லாம்…"

சொல்லிக்கொண்டே மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். டிஸ்க்கைக் காணோம்.

ஹாலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "தம்பி, சீரியல் ரெக்கார்டு பண்ணலாம்னு மாமா சொன்னாரேன்னு இதை டிவில சொருகினேன். ஃபார்மட் பண்ணவான்னு ஏதோ கேக்குது. ஓகே குடுத்துடவா?"