பூச்சியத்துக்கு மேலும் கீழும்

நவம்பர் 30, 2024, சனி

காலையில் கராஜைத் திறக்கும்போதே கார்கள் தெருவரைக்கும் வரிசையாக நின்றன. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் றப்பர் இறுகிவிடும், ரோட்டைப் பிடிக்காது, வின்டர் டயருக்கு மாறுங்கோ என்று ஒக்டோபரிலிருந்தே சொல்லிக்கொண்டு இருக்கிறோம். கேட்கிற ஆட்கள் குறைவு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை என்பதால், குளிர் காலைப் பிடித்த பிறகுதான் ரொறன்ரோவின் இந்த ஸ்காபரோப் பக்கம் முழுவதற்கும் டயர் ஞாபகம் வருகிறது.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று பயந்து வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். டயரில் ஓட்டை ஒன்றும் இருக்காது. குளிருக்கு உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம் இறங்குகிறது. ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். அடித்து விடுவோம், காசு வாங்குவதில்லை.

டயர் மாறும் மட்டும் நின்றுகொண்டு எல்லாரும் கதைப்பது ஒரே கதைதான்: வின்டரா, சமரா, குளிர்காலமா கோடைகாலமா எது நல்லது? சாதி, சமயம், அரசியல் எதிலும் கை வைக்காமல் சண்டை பிடிக்கக் கிடைத்த ஒரே விஷயம் இது. நான் சமர் கட்சி. பருத்தித்துறையில் பிறந்தவன் வேறெந்தக் கட்சியில் சேருவான்? மகள் வின்டர் கட்சியின் தலைவி. மனைவி மாதத்துக்கு ஒருதரம் கட்சி மாறுவாள்.

டிசம்பர் 21, சனி

இன்று வருடத்திலேயே குறுகிய பகல். ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. நாலே முக்காலுக்குச் சூரியன் போய்விட்டது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஊரில் மார்கழியில்கூடப் பதினொன்றரை மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும்.

வின்டர் பிடிக்காது என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் கிண்டிக் கேட்டால், பாதிப் பேருக்குக் குளிரில் கோபமே இல்லை, இருட்டில்தான். யூனில் இதே ரொறன்ரோவில் கிட்டத்தட்டப் பதினைந்தரை மணித்தியாலப் பகல். அந்த ஆறரை மணித்தியாலத்தை எந்த ஜக்கெற் போட்டு ஈடுகட்டுவது? நாளையிலிருந்து பகல் நீளத் தொடங்கும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்வேன். பெப்ரவரி வரைக்கும் அதைக் கண்ணால் காண முடியாது.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

தைப்பொங்கல். இங்கே சூரியன் உதிக்க ஏழே முக்கால் தாண்டும். நான் ஆறரைக்கே இறங்க வேண்டும். ஆகவே சூரியனுக்கு முதல் எனக்குத்தான் படையல்.

முற்றத்தில் பொங்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. முற்றம் கல்லாக உறைந்து கிடக்கிறது. வீட்டுக் கராஜின் கதவைப் பாதி உயர்த்திவிட்டு, காஸ் அடுப்பில் பானையை ஏற்றி, ஜக்கெற்றும் தொப்பியுமாக நின்று பொங்கினா. பால் பொங்கி வர எடுத்த நேரத்தில் நான் இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டேன்.

ஊரிலிருந்து சின்னம்மா ஃபோன் எடுத்தா. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டியாம், சனம் என்றால் சரியான சனமாம். "இஞ்ச சரியான குளிர் அக்கா, ராவில 23 டிகிரி எண்டு சொல்லுறாங்கள். மப்ளர் கட்டிக்கொண்டுதான் படுத்தனான்" என்றா. அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தா.

ஜனவரி 22, புதன்

இரண்டு நாளாக நல்ல குளிர். காலையில் −15 க்கும் கீழே, காற்றையும் சேர்த்தால் −25 பக்கம். கராஜ் ஃபோன் ஓயவில்லை, எல்லாம் பற்றறிக் கேஸ். இந்தக் குளிரில் பற்றறியின் பலம் பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும், எஞ்சின் ஒயிலோ தடித்துப்போய் வழமையைவிடக் கூடப் பலம் கேட்கும். ஆனால் உண்மையில் பற்றறியைக் கெடுப்பது சூடு. சமர் கொல்லும், செத்தவீடு வின்டரில் நடக்கும். கஸ்டமர்களிடம் இதைச் சொன்னால், சமர் கட்சிக்காரனே சமரைக் காட்டிக்கொடுக்கிறான் என்று சிரிக்கிறார்கள்.

நேற்று நியூ ஓர்லியன்ஸில் 20 சென்ரிமீற்றர் ஸ்னோவாம். பனை மரத்துச் சொந்தக்கார மரங்கள் எல்லாம் வெள்ளையாக நிற்கிற படம் மகள் காட்டினாள். அங்கே வின்டர் டயருக்கு எங்கே போவது, உப்புப் போடுகிற லொறிக்கு எங்கே போவது. பாவங்கள்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே நின்றேன். காற்று நின்றுவிட்டது, வானத்தில் மேகமே இல்லை, வெயில் கண்ணைக் கூசியது. தரை காய்ந்து கிடந்தது. சப்பாத்துக்குக் கீழே ஸ்னோ கறுமுறு என்றது. மூக்கு மயிர் உறைந்ததே தவிர, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. இப்படிப்பட்ட −15 இல் எனக்கு ஒரு முறைப்பாடும் கிடையாது.

பெப்ரவரி 17, திங்கள்

குடும்ப தினம், விடுமுறை. விடுமுறை என்று பேர்தான். புதன் இரவு ஒரு கொட்டு, சனிக்கிழமையிலிருந்து நேற்றுவரை இன்னொரு கொட்டு. பியர்சன் விமான நிலையத்தில் ஒரு வாரத்துக்குள் அரை மீற்றருக்கு மேல் பதிவாகியிருக்கிறது. மகள் முன் முற்றத்தில் குகை தோண்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்தி வைத்திருக்கிறாள். "அப்பா, இது பெஸ்ற் டே எவர்" என்கிறாள். குகைக்கு மேலே மண்வெட்டியோடு நிற்கிற எனக்கு நாரி பிடித்துக்கொண்டது.

அள்ளுவதில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது. அள்ளி முடித்து, டிரைவ்வேயைத் துப்பரவாக்கி, உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மாநகரசபையின் ஸ்னோ லொறி தெருவைத் தள்ளிக்கொண்டு வந்து, டிரைவ்வே வாயில் இடுப்பளவுக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும் பாருங்கள். அது பஞ்சு ஸ்னோ இல்லை, கட்டி. முன் வீட்டுக் கிழவரும் நானும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினோம். இங்கே அயலவரோடு நட்பு வளர்வது பெரும்பாலும் இந்த வரம்பில்தான். 1999 ஜனவரியில் இதைவிட மோசம், மேயர் ஆமியைக் கூப்பிட்டார் என்று கிழவர் ஒவ்வொரு ஸ்னோவுக்கும் சொல்லுவார். இன்றும் சொன்னார்.

பின்னேரம் பியர்சனில் ஒரு விமானம் இறங்கும்போது தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. உள்ளே இருந்த 80 பேரும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். அம்மா டிவிக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒரில்லியாவில் இருக்கிற மச்சான், மனைவியின் தம்பி, குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறான். நேற்றிலிருந்து அங்கே கரண்ட் இல்லை. உறைமழை. இரவு முழுக்க மரங்கள் முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். "வெடி கேட்ட மாதிரி இருந்தது அத்தான், ஊர் ஞாபகம் வந்திட்டுது" என்றான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

உறைமழை எப்போதும் பூச்சியத்தைச் சுற்றித்தான் வரும். மேலே உள்ள காற்று சூடாக இருக்கும், விழுகிற ஸ்னோ அதற்குள்ளே உருகி மழையாகிவிடும். நிலத்தோடு ஒட்டி ஒரு மெல்லிய குளிர்ப்படை இருக்கும். மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். −15 இல் இது நடக்காது, +10 இலும் நடக்காது. 1998 ஜனவரியில் மொன்றியலை நாள்கணக்கில் இருட்டில் போட்டது இதுதான். 2013 இல் நத்தாருக்கு முன் ரொறன்ரோவில் மூன்று இலட்சம் இணைப்புகளின் கரண்டைக் கொண்டுபோனதும் இதுதான். அப்போது நாங்கள் அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம். லிஃப்ட் வேலை செய்யாமல் அம்மாவைப் படியால் இறக்கினோம்.

கராஜில் நிற்கிறவனுக்கு இது முதலே தெரிந்த கதை. வெடிப்புக்குள் தண்ணீர் போகும், உறையும்போது பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் பெருக்கும், உருகும், திரும்ப உறையும். அப்படித்தான் ரோட்டில் கிடங்கு விழுகிறது, ரிம் வளைகிறது. −15 இலேயே நின்றால் ரோடு அசையாது. உப்பும் அப்படித்தான்: காய்ந்த குளிரில் காரில் தூசியாக ஒட்டிக்கொண்டு இருக்கும், அவ்வளவு தின்னாது. பூச்சியத்தை ஒட்டிய ஈரத்தில்தான் கரைந்து, இடுக்கெல்லாம் புகுந்து, இரும்பை அரிக்கும். ஹொயிஸ்ற்றில் ஏற்றிக் கீழே இருந்து பார்த்தால் கார் எத்தனை வின்டர் கண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வின்டர் கட்சி நல்ல −10 ஐயும் நீல வானத்தையும் படம் பிடித்துக் காட்டும். சமர் கட்சி −30 ஐச் சொல்லிப் பயமுறுத்தும். இரண்டு பகுதியும் வாய் திறக்காத நாட்கள்தான் இங்கே அதிகம்: −2, +1, சாம்பல் வானம், முழங்கால்வரை சேறு, நனைந்த காலுறை.

ஏப்ரல் 12, சனி

வின்டர் டயர் கழற்றும் வரிசை. அதே ஆட்கள், அதே டயர், முகம் மட்டும் வேறு. இரண்டு பேர் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வெளியே 9 டிகிரி.

யூன் 23, திங்கள்

36 டிகிரி. ஈரப்பதத்தையும் சேர்த்தால் 45 பக்கம் உணருமாம். அந்தக் கணக்கும் கனடாக்காரரின் கண்டுபிடிப்புத்தான், 1965. குளிருக்கு ஒரு கணக்கு, சூட்டுக்கு ஒரு கணக்கு: காட்டுகிற எண்ணோடு இந்த ஊருக்குத் திருப்தி வராது.

கராஜில் ஏசி கிடையாது, இரண்டு கதவையும் திறந்து வைத்தால் சூடான எஞ்சினும் சூடான காற்றும் மாறி மாறி அடிக்கும். மத்தியானம் ஒரு ஸ்பனரை வெயிலில் வைத்துவிட்டு எடுத்தேன், கையைச் சுட்டது. சமர் கட்சிக்காரன் என்று நவம்பரில் எழுதியதை வேலைக்கு வந்த பொடியன் எடுத்து வாசித்துக் காட்டுகிறான். எழுதினதுதான். இப்போதும் அதே கட்சிதான். ஆனால் நான் சொன்ன சமர் ஆறரை மணிக்கு வேலை முடிந்து, மரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருக்கிற சமர்.

இரவுதான் பொல்லாதது. இந்தப் பக்கத்தில் வெப்ப எச்சரிக்கை கொடுப்பதற்குப் பகலில் 31, இரவில் 20 க்குக் கீழே இறங்காமல், இரண்டு நாள் நின்றால் போதும். நேற்றிரவு அதையும் தாண்டிவிட்டது. எங்கள் வீடு 1950களில் கட்டினது, ஏசி அம்மாவின் அறை ஜன்னலில் மட்டும்தான். நாங்கள் மூன்று பேரும் பேஸ்மென்ற்றில் பாய் போட்டோம். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு பேஸ்மென்ற்றை விட்டு மேலே ஏற என்ன பாடுபட்டேன், இப்போது விரும்பி இறங்குகிறேன். அங்கே என்ன குளிர்மை! சின்னம்மா மப்ளர் கட்டிப் படுத்த அந்த 23 டிகிரி இருக்கும்.

அம்மாவும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டா, ஏசிச் சத்தத்தில் நித்திரை வரவில்லையாம். மகள்தான் கேட்டாள், அப்பம்மாக்கு எது விருப்பம் என்று. நான் பதிலை மனதுக்குள்ளே சொல்லி முடித்துவிட்டேன்: ஊர், வெயில், வேப்பமரம்.

"எனக்கு வின்டர்தான்" என்றா அம்மா.

மகள் கை தட்டினாள். நான் எழும்பி இருந்தேன்.

"கொப்பா வேப்பமரத்தடியில சாய்மனைக் கதிரையில படுத்திருந்த ஆள். சித்திரை வெயிலில ஓலைக் குசினிக்குள்ள விறகடுப்போட நிண்டு, மூண்டு நேரமும் ஏழு பேருக்குச் சமைச்சது ஆர்? சட்டை முதுகோட ஒட்டி, வேர்க்குரு போட்டு... இஞ்ச வந்த முதல் வின்டரிலதான் அடுப்புக்குப் பக்கத்தில நிக்க ஆசையா இருந்தது."

நுங்கு, சோளகக் காற்று, கிணற்றுக் குளிப்பு என்று நான் சொல்ல வைத்திருந்தது எல்லாம் ஆம்பிளைகளின் சமர். கிணற்றில் தண்ணி அள்ளிக் குளித்துவிட்டு வந்து சோற்றுக்கு இருந்தவன் நான்.

"முழங்கால் நோ எண்டு வின்டரில சொல்லுவியள்?" என்று மனைவி கேட்டாள்.

"அது சமரிலயும் நோகுது."

யூலை 14, திங்கள்

புகை. வடக்கே காடுகள் எரிகின்றன, இங்கே சூரியன் செம்மஞ்சளாகத் தெரிகிறது. கராஜ் கதவைப் பூட்டினால் வேகிறோம், திறந்தால் இருமுகிறோம். 2021 யூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி போனது, கனடாவிலேயே பதிவான ஆகக் கூடிய வெப்பம். அடுத்த நாள் ஊரே எரிந்தது. அந்த வெப்ப அலையில் அந்த மாகாணத்தில் மட்டும் 619 பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட எல்லாரும் வீட்டுக்குள்ளேயே. மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுபது வயதும் அதற்கு மேலும், பாதிக்கு மேல் தனியாக இருந்தவர்கள். குளிரில் ஹீற்றர் இல்லாத வீட்டை வாடகைக்கு விட இங்கே சட்டம் விடாது. சூட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் முழுதாக வரவில்லை. குளிர் நாடு என்று நினைத்துக் கட்டின வீடுகள் இவை.

ஓகஸ்ட் 16, சனி

காசு சேர்ந்திருக்கிறது, ஒன்றுக்குத்தான் காணும்: முழு வீட்டுக்கும் ஏசி, அல்லது ஸ்னோ தள்ளுகிற மெஷின். நாரிக்கு மெஷின் வேண்டும். மகளுக்கு இரண்டும் வேண்டாம், அந்தக் காசில் ஸ்கேற்றிங் வகுப்பு. மனைவி விலையைப் பார்த்தாள்: மெஷின் இப்போது மலிவு, ஒருவரும் கேட்காத காலம். ஏசியும் அடுத்த மாதம் இறங்கும். "மெஷினை இப்ப வாங்குவம், ஏசியைப் பங்குனிக்குள்ள பூட்டுவம், அதுக்குள்ள நீங்கள் எத்தனை டயர் கழற்றுறீங்கள் எண்டு பாப்பம்" என்றாள்.

பின்னேரம் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தோம், 31 டிகிரி வெயிலில். முன் வீட்டுக் கிழவர் வேலிக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த லொறி கட்டுகிற வரம்பை இது வெட்டுமா என்று மட்டும் கேட்டார். வெட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது.