இவ்வளவுதானா?

சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அருங்காட்சியகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பின்னால் வரும் சில சங்கதிகளை எழுதக் கை கூசும். படித்தது வேதியியல். பணியில் என் பங்குக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இரும்பு: பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், துப்பாக்கிக் குழல்கள், வாள்கள், எந்தக் கப்பலுடையது என்று பதிவேட்டில் எழுதப்படாத ஒரு நங்கூரத்தின் உடைந்த கை. சிலைப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஆய்வாளர்களும் வெளிநாட்டு விருந்தினரும் வருவார்கள். எங்கள் பகுதிக்கு வந்தவர்கள் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள். அவர்கள் பீரங்கியின் மேல் குதிரை ஏறாமல் பார்த்துக்கொள்வதே காவலர்களின் முழுநேர வேலையாக இருந்தது.

சென்னையில் இரும்பைக் காப்பது என்றால் உப்போடு மல்லுக்கட்டுவது என்று பொருள். வெண்கலத்துக்கும் நோய் உண்டு. அதைத் தீர்ப்பதற்காகவே எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது; பச்சைப் பூத்துக்கொண்டிருந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் மீட்ட பரமசிவன் அவர்களின் பெயரை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மரியாதையோடுதான் சொல்வோம். ஆனால் வெண்கலம் பொறுமைசாலி; பாதிக்கப்பட்டாலும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இரும்பு அப்படியில்லை. அதன் துளைகளுக்குள் உப்பிலுள்ள குளோரைடு புகுந்துவிட்டால், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் பழுப்பு மஞ்சள் நிறத்தில் சிறு சிறு துளிகள் அரும்பும். ஆங்கிலத்தில் அதை அழுகை என்பார்கள். எங்கள் உதவியாளர் ஒருவர் 'சார், பீரங்கிக்கு வேர்க்குது' என்பார். அவர் சொன்னதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் காலையில் போய்ப் பார்த்தால் உண்மையாகவே வியர்த்திருக்கும்.

இந்த உப்பின் குணம் எனக்குப் புரிந்தது என்னுடைய ஒரு தவறால்தான். பணியில் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், மீனவர் வலையில் சிக்கிய ஒரு வார்ப்பிரும்புக் குண்டு எங்களிடம் வந்தது. சிப்பியும் மணலும் ஒட்டி, பெரிய தேங்காய் அளவில் இருந்தது. மேல் ஓட்டை நீக்கினேன். உள்ளே கறுப்பாக, வழவழப்பாக, குறையே இல்லாத ஓர் உருண்டை. விரலால் தேய்த்தால் பென்சில் கரி போல ஒட்டியதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி, பதிவேட்டில் 'நல்ல நிலை' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். சித்திரை வெயிலில் அது வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்தது. ஆனி மாதத்தில் ஒருநாள் திறந்து பார்த்தபோது இரண்டாகப் பிளந்து, தட்டில் செங்காவிப் பொடியோடு கிடந்தது.

நடந்தது இதுதான். கடலடியில் நெடுங்காலம் கிடக்கும் வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு மெல்ல மெல்லக் கரைந்து போய்விடுகிறது. அதிலிருந்த கரிமம் மட்டும் அதே உருவத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு கூடு போல நிற்கிறது. கூட்டின் துளைகளெல்லாம் உப்புநீர். கரைக்கு வந்ததும் அதை உலரவே விட்டிருக்கக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த நீரில் மூழ்கவைத்து, அந்த நீரை மாற்றிக்கொண்டே இருந்து, எடுத்த நீரின் மாதிரியை அமிலமாக்கிச் சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தட்டாத, அதாவது உப்பு மிச்சமில்லாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். மாதங்கள் ஆகும், பெரிய பொருள் என்றால் ஆண்டுகள் ஆகும். அந்தக் குண்டின் இரண்டு பாதிகளையும் பணி ஓய்வு வரை என் மேசையின் கீழறையில் வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் நாளே எடுத்துக் காட்டுவேன்.

இன்னொரு சம்பவத்துக்கு நான் பொறுப்பில்லை, ஆனாலும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு முக்கியப் பிரமுகர் வருகிறார் என்பதற்காக, நான் நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது, முற்றத்திலிருந்த பீரங்கிகளுக்கெல்லாம் ஒப்பந்தக்காரர் ஒருவரை வைத்துக் கறுப்பு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இரண்டு பூச்சு. துருவைச் சுரண்டவும் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் புது மோட்டார் வண்டி போலப் பளபளத்தன. மேலதிகாரி என் பாராட்டை எதிர்பார்த்து நின்றார். பெயிண்டுக்கு அடியில் ஈரமும் உப்பும் சிறைப்பட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தன. அடுத்த மழைக்குப் பிறகு கொப்புளங்கள் கிளம்பின.

பெயிண்டை எடுக்க எனக்கு அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. பெயிண்ட் இளக்கும் பசையைத் தடவி, மூங்கில் சீவல்களால் அங்குலம் அங்குலமாக எடுத்தோம். அப்படி ஒரு பீரங்கியின் பின்புறத்தை, திரி வைக்கும் துளைக்குச் சற்றுப் பின்னால், சுத்தம் செய்தபோது பெயிண்ட் அடைத்திருந்த குழிவுகள் சில தென்பட்டன. கல்வெட்டுக்காரர்கள் செய்வது போல ஈரத்தாள் ஒற்றி மைப்படி எடுத்தேன். 32-1-14 என்று விழுந்தது. அது பதிவு எண்ணும் இல்லை, ஆண்டும் இல்லை, எடை. பிரிட்டிஷ் வார்ப்படச்சாலைகளின் வழக்கப்படி முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு; நடுவில் உள்ளது கால் அந்தர்; கடைசி எண் பவுண்டு. கூட்டிப் பார்த்தால் 3,626 பவுண்டு, ஏறத்தாழ 1,645 கிலோ. குழலின் வாயை அளந்தேன்; பன்னிரண்டு பவுண்டுக் குண்டு எறியும் ரகத்துக்கு ஒத்துவந்தது. அதுவரை எங்கள் விளக்க அட்டையில் 'பழங்காலப் பீரங்கி' என்று இரண்டே சொற்கள் இருந்தன. இரண்டு பூச்சு பெயிண்ட் அந்த மூன்று எண்களை இன்னொரு தலைமுறைக்கு மறைத்திருக்கும். எடையைச் சேர்த்துப் புது அட்டை எழுதிக் கொடுத்தேன். தட்டச்சாகி வந்தபோது 'கிலோ' விடுபட்டிருந்தது.

எழும்பூரிலும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் என் போன்றவர்கள் பொறாமைப்படும் பொருள்கள் இருக்கின்றன. எழும்பூரில் தரங்கம்பாடியிலிருந்து வந்த டேனியப் பீரங்கிகளும், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்த திப்புவின் புலிமுகப் பீரங்கியும் உண்டு. 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர் 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பீரங்கிகள் இங்கே தங்கிவிட்டன. கோட்டை அருங்காட்சியகம் இருப்பது 1795இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில். வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம் அது. 1948இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள வாள்களையும் கைத்துப்பாக்கிகளையும் சீருடைகளையும் பார்க்க விடுமுறை நாள்களில் நான் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறேன்.

ஆனால் சென்னைக்காரர்கள் போர்ப் பொருள் என்றதும் தேடி வருவது ஒன்றே ஒன்றைத்தான்: எம்டன் குண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில், விளக்குகள் எரிந்துகொண்டிருந்த சென்னைத் துறைமுகத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் வந்து நின்ற அந்த ஜெர்மன் கப்பல், கார்ல் ஃபான் முல்லர் தலைமையில், அரை மணி நேரத்துக்குள் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுடத் தொடங்கியபோது கப்பல் இருளில் விலகிப் போய்விட்டது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல் ஒன்றும், உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டும், பேச்சுவழக்கில் ஒரு சொல்லும் நமக்கு மிஞ்சின. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். சொல்பவர்களில் பலருக்கு அது ஒரு கப்பலின் பெயர் என்றே தெரியாது.

அந்தச் சிதறலைப் பார்க்கப் போகிறவர்களோடு நானும் பலமுறை நின்றிருக்கிறேன். கண்ணாடிக்கு அருகே குனிந்து, நிமிர்ந்து, பெரும்பாலும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: 'இவ்வளவுதானா?' ஊரையே காலிசெய்ய வைத்த பெயருக்கு ஏற்ற உருவத்தை மனத்தில் சுமந்து வந்தவர்களுக்கு ஒரு சிறிய உலோகத் துண்டு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டக் கதை வளர்கிறது. கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதை விளக்க அட்டைகளில் சேர்க்கச் சொல்லி எங்களிடம் வாதாடியவர்கள் உண்டு. 1914இல் சூரிக்கிலும் பிறகு பெர்லினிலும் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காக அவர் செய்த வேலையே போதுமான பெருமை. கீழ்த்திசைக் கடலில் திரிந்த ஒரு கப்பலில் அவர் இருந்தார் என்பதற்கு நான் இதுவரை ஒரு சான்றும் கண்டதில்லை. அட்டையில் எழுத முடியாது என்று சொன்னால் என்னைத் தேசபக்தி இல்லாதவன் என்பார்கள்.

எம்டனின் நூற்றாண்டு வந்த 2014இல், பத்திரிகைகளில் செய்தி பார்த்துவிட்டு மண்ணடியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மஞ்சள் துணியில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து, ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். பிரித்து மேசையில் வைத்தார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, வளைந்த, கனமான இரும்புத் துண்டு.

"எம்டன் குண்டு தம்பி. எங்க பாட்டி புறக்கடையில விழுந்தது. ஆயுதபூஜைக்கு வருஷா வருஷம் சந்தனம், குங்குமம் வெப்போம். எனக்கப்புறம் யார் பாத்துப்பாங்க? நீங்களே வெச்சுக்கோங்க."

அதைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் தட்டியது. இருந்தாலும் முறைப்படி அளந்தேன். எம்டனின் பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்டவை. அப்படியென்றால் குண்டின் உடற்பகுதிச் சிதறல் ஏறக்குறைய 52 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் பொருந்த வேண்டும். வளைவின் இரு முனைகளுக்கு இடையே 60 மில்லிமீட்டர் நேர்கோடு பிடித்து நடுவில் உயரத்தைப் பார்த்தேன், 4 மில்லிமீட்டர். பள்ளிக் கணக்குதான்: ஆரம் 114 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மடங்குக்கும் அதிகம். உடைந்த ஓரம் சாம்பல் நிறத்தில், மணல் மணலாக இருந்தது; அது எஃகு இல்லை, வார்ப்பிரும்பு. விட்டம் ஒன்பது அங்குலம், கனம் எங்கும் ஒரே சீர். எட்டு அங்குலத் தண்ணீர்க் குழாயின் உடைந்த துண்டு அது.

எப்படிச் சொல்வது என்று யோசிக்க நேரம் வேண்டியிருந்ததால், எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். பாட்டிக்கு அப்போது பத்தொன்பது, இருபது வயது, கையில் குழந்தை. தாத்தாவுக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. முதலில் இடி என்று நினைத்திருக்கிறார்கள். பிறகு வானம் சிவந்தது, தெருவில் ஓட்டம். விடிவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கால்நடையாகச் செங்குன்றம் போய், சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறார்கள். மறுநாள் அரைப்பதற்காகப் பாட்டி உளுந்து ஊறவைத்திருந்தார், அவசரத்தில் மறந்துபோயிற்று. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த அந்த நாற்றத்தைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். புறக்கடையில் இந்த இரும்பு கிடந்தது அன்றுதான்.

அளவெடுத்த தாளைக் காட்டி உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க பாட்டி பொய்யா சொன்னாங்க?"

"இல்லைங்கம்மா. அன்னிக்கு ஊரே அப்படித்தான் பயந்திருந்தது. புறக்கடையில புதுசா ஒரு இரும்பு கிடந்தா வேற என்னன்னு நினைப்பாங்க? அவங்க ஊறவெச்ச உளுந்து பொய்யில்லையே."

அவர் சிரிக்கவில்லை. துணியில் மறுபடி சுற்றத் தொடங்கினார். அவரிடம் அனுமதி கேட்டு, அவர் சொன்னதை மூன்று பக்கம் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்கினேன். எம்டன் வந்த இரவைப் பற்றி எனக்குக் கிடைத்தவற்றில் மிக நெருக்கமானது அந்த மூன்று பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை அருங்காட்சியகத்தில் சேர்க்க முடியவில்லை. வரவுப் பதிவேட்டில் பொருளின் பெயர், உலோகம், அளவு, எடை என்று கட்டங்கள் இருந்தன. பொருள் இல்லாமல் எண் கொடுக்க முடியாது என்று கோப்பு திரும்பி வந்தது. குழாய்த் துண்டோடு சேர்த்து அனுப்பினால் என்ன என்று கேட்டேன். குழாய்த் துண்டை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தத் தாள்களின் நகல் ஒன்றை எம்டன் பற்றிய பத்திரிகை நறுக்குகள் இருந்த உறையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஓராண்டு கழித்து அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். துண்டு துருப்பிடித்துத் துணியெல்லாம் காவிக்கறை ஆகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். துருவை அடக்க எங்கள் கூடத்தில் டானிக் அமிலம் என்று வாங்குவதன் நெருங்கிய உறவு நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது: கடுக்காய். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதும் அதில்தான். தளர்ந்த துருவைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, கடுக்காய்த்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரை மூன்று முறை பூசி உலரவிடுங்கள். நீலக் கறுப்பாக மாறியதும் உருக்கிய மெழுகை மெல்லிசாகத் தடவுங்கள். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து வைக்காதீர்கள் என்று சொன்னேன். பேரன் எழுதிக்கொண்டான்.

பிறகு ஒருமுறை மண்ணடிப் பக்கம் போனபோது அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், புதிய மஞ்சள் துணியின் மேல் இருந்தது. விரலால் தடவினேன், துளி ஈரம் இல்லை, கறை ஒட்டவில்லை. எங்கள் முற்றத்துப் பீரங்கி எதையும் அந்த நிலையில் நான் விட்டுவிட்டு வரவில்லை.