தார்வாட் நாட்குறிப்பு: மழைக்காலத் தம்பூராவும் விளம்பித யமனும்

2025 ஜூலை 6, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. தம்பூராவின் பிரடைகள் (கம்பியை முறுக்கும் மர முளைகள்) ஈரத்தில் ஊதி இறுகிவிடும். பலங்கொண்டு திருகினால் கம்பிதான் அறும். பிரடையை லேசாக வெளியே இழுத்துத் தளர்த்திவிட்டுத் திருக வேண்டும். வேனிலில் நேர்மாறாகச் சுருங்கி வழுக்கும். அப்போது சாக்பீஸ் பொடி.

ஆண் குரலுக்கான தம்பூரா வேறு, பெண் குரலுக்கானது வேறு. ஒன்றரைக் கட்டைச் சுருதிக்குக் கட்டியதை ஐந்தரைக்கு ஏற்றினால் எஃகுக் கம்பி தாங்காது. (நம் ஐந்தரைக் கட்டை இங்கே ஹிந்துஸ்தானியில் ‘காலி சார்’, அதாவது ஆர்மோனியத்தின் நான்காவது கறுப்புக் கட்டை.)

சேர்க்கும் வரிசை: முதலில் நடுவிலுள்ள ஜோடி ஸா. இரண்டையும் சேர்த்து மீட்டும்போது ஒலி அலையடிக்கிறதா என்று கேட்க வேண்டும். அலை மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் மறைந்தால் சேர்ந்துவிட்டது. அடுத்து பித்தளைக் கரஜ் (கீழ் ஸாவுக்கான கம்பி), கடைசியில் பஞ்சமம். மால்கௌன்ஸ் ராகம் என்றால் பஞ்சமத்துக்குப் பதில் மத்யமம். மார்வா, பூரியா என்றால் நிஷாதம்.

பிறகு ஜீவா நூல். குதிரைக்கும் (கம்பிகளைத் தாங்கும் பட்டை) கம்பிக்கும் நடுவே நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் ஓரிடத்தில் நாதம் திறந்துகொள்ளும். கரஜ் கம்பியை மட்டும் மீட்டிப் பாருங்கள்: யாரும் பாடாமலே காந்தாரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நூல் இடம் மாறியிருக்கிறது, அல்லது கரஜ் இறங்கியிருக்கிறது. எங்கே வைத்தாலும் திறக்கவில்லையென்றால் குதிரையின் மேற்பரப்பில் கம்பி பள்ளம் போட்டுவிட்டது. அதை மிரஜ் ஊர் வாத்தியக் கைவினைஞரிடம் கொடுத்து இழைக்க வேண்டும். வீட்டில் அரத்தைத் தொடவே கூடாது.

கைப்பேசித் தம்பூரா பயணத்துக்குச் சரி. அதையே நம்பிப் பழகிய மாணவருக்கு ஸா எப்போது விலகியது என்பதே தெரிவதில்லை. சேர்க்கத் தெரியாத காது, பாடும்போது மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலைக் கரஜ் சாதகம் (கீழ்க் குரல் பயிற்சி), இருபது நிமிடம். நடு ஸாவில் தொடங்கி நி, த, ப எனக் கீழே இறங்குவது. ஒரு மூச்சுக்கு ஒரு ஸ்வரம், முழு ஆகாரம். கீழே போகப்போக ‘ஆ’ மெல்ல ‘ஓ’ ஆகும். தாடை இறுகுவதன் அடையாளம் அது. மோவாயை நெஞ்சோடு அழுத்தித் தடித்த குரல் வரவழைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். கேட்க கம்பீரமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் தொண்டை கட்டும். குரல் காற்றாகக் கரையத் தொடங்கும் இடத்துக்கு ஒரு ஸ்வரம் மேலேயே நின்றுவிட வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

குரு பூர்ணிமா. புதியவர்களுக்குக் கண்டா கட்டு (சீடராக ஏற்கும் சடங்கு): மணிக்கட்டில் நூல், வாயில் கொஞ்சம் கடலையும் வெல்லமும். கிரானா கரானா (பாடல் மரபு) வழியில் பாடகர் அப்துல் கரீம் கான் படத்துக்கு மாலை. மிரஜில் குடியிருந்தவர். 1937 அக்டோபரில், சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் பிரிந்தது. அவர் சீடர் சவாய் கந்தர்வர் ஊர் குந்த்கோல், இங்கிருந்து பக்கம்தான். பாடகி கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியிலிருந்து ரயிலேறிப் போய் அவரிடம் கற்றார்.

இன்று வகுப்பு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

யமன் ராகத்தின் படத், அதாவது ஸ்வரம் ஸ்வரமாக மெல்ல விரிப்பது. அதற்கு இணையான நம் கல்யாணி தெரிந்து வருகிறவர்களுக்கு முதல் தடையே கை நிறைய ஸ்வரம் இருப்பதுதான். ரிஷபத்திலும் காந்தாரத்திலும் கமகம் தானாக வந்து உட்காரும். இங்கே காந்தாரம் அசையாமல் நிற்க வேண்டும். மீண்டில் (வழுக்கலாக) வந்து சேரலாம், சேர்ந்தபின் ஆடக் கூடாது.

முதல் மூன்று ஆவர்த்தனம் மந்த்ர (கீழ் ஸ்தாயி) நி, ஸா, ரி மட்டும். ‘நி ரி ஸா’வை வெவ்வேறு பக்கமிருந்து அணுகலாம்: நியில் நீண்டு நின்று, ரியைத் தொட்டும் தொடாமலும் திரும்பி, மந்த்ர தைவதத்திலிருந்து ஏறி. காந்தாரம் நான்காவதில். அவசரப்பட்டு இரண்டாவதிலேயே தீவ்ர மத்யமத்தை (பிரதி மத்யமத்தை) காட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அதற்குப்பின் தான்களை (வேகமான ஸ்வரக் கோவைகளை) கொட்டுவதைத் தவிர வழியில்லை. இன்றைய மேடைகளில் பாதி அவசரம் இப்படித்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

ஏறும்போது ‘நி ரி க ம’ த நி ஸா’ (ம’ என்றால் தீவ்ர மத்யமம்), ஸாவையும் பாவையும் தாண்டி. இறங்கும்போது எல்லாம் உண்டு.

ஜூலை 15, செவ்வாய்

விளம்பித (மெதுவான கால) ஏக்தால், 12 மாத்திரைத் தாளம். மாத்திரைக்கு நான்கு விநாடி வைத்தால் ஒரு சுற்று 48 விநாடி. விரலில் எண்ணினால் பாட்டு ஓடாது. தபலா டேக்காவை (தாளத்துக்குரிய நிலையான சொற்கட்டை) கேட்டே இடம் தெரிய வேண்டும்.

தின் தின் | தாகே திரகிட | தூ நா | கத் தா | தாகே திரகிட | தின் நா

‘தாகே திரகிட’ இரண்டு முறை வருகிறது, 3-4இலும் 9-10இலும். தடுமாறுகிறவர்கள் எல்லாருமே முதல் திரகிடவை இரண்டாவது என்று நினைத்து முகடாவை (ஸம் எனும் முதல் மாத்திரையில் போய்ச் சேரும் பாட்டின் எடுப்பை) எடுத்துவிடுகிறார்கள். திரகிடவுக்குப்பின் ‘தூ’ விழுந்தால் இன்னும் எட்டு மாத்திரை பாக்கி. ‘தின்’ விழுந்தால் மூச்சு எடுக்க வேண்டிய நேரம், இரண்டே மாத்திரையில் ஸம்.

அப்படியும் தப்பினால், எடுத்த முகடாவை இழுக்காமல் ஒரு ஸ்வரத்தில் ஆகாரமாக நின்று அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். கேட்பவருக்கு அது ஆலாபாகவே தெரியும். தபலாக்காரரைத் திரும்பி முறைத்தால்தான் காட்டிக்கொடுக்கும்.