தமிழ் எழுத்துக்கு இடம் விடும் தீம்

கோத்தகிரியில் தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் எனக்கு, வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளின் தீம்களை (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்களை) தமிழுக்கு ஏற்பத் திருத்துவதிலேயே பெரும்பகுதி நேரம் போகிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவற்றில் வரி இடைவெளி குறைவாக இருப்பதால், மேல் வரியில் உள்ள 'ழூ'வின் கீழ்ச்சுழியும் அடுத்த வரியில் உள்ள 'றீ'யின் மேற்சுழியும் உரசிக்கொள்கின்றன. ஆகவே, வரியின் உயரத்தை எழுத்தளவைப் போல 1.7 மடங்காக வைக்கிறேன். பொத்தான்களுக்கு நிலையான அகலம் தருவதில்லை. 'முன்பதிவு செய்ய' என்பது கைபேசித் திரையில் உடையாமல் நிற்க வேண்டுமே!

2021இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.8 பதிப்பு முதல், நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றைத் 'தீம்.ஜேசன்' என்ற ஒரே கோப்பில் எழுதிவைக்க முடிகிறது. அடுத்த ஆண்டு வந்த 5.9இல், தள எடிட்டர் வழியாக, நிரலைத் தொடாமலேயே விடுதிக்காரர் அவற்றை மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது. ஆனால் எல்லாவற்றையும் மாற்றவிடுவது நல்ல வடிவமைப்பு என்று நான் கருதவில்லை. ஐந்தாறு நிறங்களே போதும்.

தீம்களைப் பொதுவில் பகிரும்போது உரிமம் முக்கியம். வேர்ட்பிரஸின் தீம் கோப்பகத்தில் இடம்பெற, உடன் வரும் படங்களும் எழுத்துருக்களும்கூட, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்துடன் ஒத்துப்போக வேண்டும். எனவே இணையத்தில் கண்ட தொட்டபெட்டா படத்தை எடுத்து ஒட்டிவிட முடியாது. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்ற எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைப்பதால் அதையே சேர்க்கிறேன். மழைக்காலத்தில் இங்கே சிக்னல் மந்தமாகிவிடும்; எழுத்துருக் கோப்புகள் கூடினால் பக்கம் திறக்கத் தாமதமாகும் என்பதால், அதில் சாதாரணம், தடிமன் ஆகிய இரண்டு வகைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.