முதலில் டிராயரை வெளியே இழுங்கள்

பழைய ஆங்கிலேய மகோகனி மர மேசையையோ அலமாரியையோ பார்க்கப் போனால் எல்லாரும் முதலில் முகப்பைத்தான் பார்ப்பார்கள், நானும் வெகுநாள் அப்படித்தான். இப்போதெல்லாம் நேராகப் போய் ஒரு டிராயரை முழுசாக இழுத்துத் திருப்பிப் பார்க்கிறேன், நிஜமாகவே பழசா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பீரோ புக்கேஸ் என்ற வகை. கீழே டிராயர்கள், மேலே சாய்வான மூடி, அதை முன்னால் சாய்த்தால் எழுதும் பலகை, பலகையைத் தாங்க இருபுறமும் இழுத்துக்கொள்ளும் கட்டைகள், உச்சியில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. மூடிக்குள்ளே கடிதம் வைக்கச் சின்னச் சின்ன அறைகள். நடுவில் அலங்காரத்துக்கு நிற்பது போலத் தெரியும் குட்டித் தூண்கள் சிலவற்றில் அப்படியே வெளியே வரும், உள்ளே ரகசிய அறை!

1721இல் பிரிட்டன் தன் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கிய பிறகு ஜமைக்கா மகோகனி இங்கிலாந்துக்குள் பெருமளவில் வரத் தொடங்கியது, அப்புறம் கியூபா, ஹோண்டுராஸ். ஒரே பலகை அவ்வளவு அகலமாகக் கிடைக்கும், நுணுக்கமாகச் செதுக்கினாலும் பிளக்காது. காட்டில் அதை வெட்டிச் சாய்த்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அந்த வழவழப்பைத் தடவும்போது இதை மறக்க எனக்கு மனம் வருவதில்லை.

லண்டனில் பட்டறை வைத்திருந்த தச்சர் தாமஸ் சிப்பன்டேல் 1754இல் தன் வடிவமைப்புப் புத்தகத்தை வெளியிட்டார், அதைப் பார்த்து மற்றத் தச்சர்களும் செய்தார்கள். அதனால் சிப்பன்டேல் என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பாலானவை அவர் பாணிதான், அவர் பட்டறைச் சாமான் இல்லை.

சரி, டிராயருக்கு வருகிறேன். முகப்பு மகோகனி என்றாலும் நல்ல வேலையில் பக்கப்பலகைகள் மெல்லிய ஓக் மரம். மூலையில் இரண்டு பலகைகளையும் கோத்துப் பிடிக்கும், புறாவால் போல விரிந்த டவ்டெயில் பற்களைக் கையால் அறுத்திருப்பார்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அடிப்பலகை காய்ந்து சுருங்கியிருக்கும், உரசி உரசி ஓரம் தேய்ந்திருக்கும். முகப்பின் உள்பக்கம் வேண்டாத துளைகள் தெரிந்தால் கைப்பிடியை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், அது பெரிய குறை இல்லை.

பெரிய குறை வேறு. எங்கோ கிடைத்த அலமாரியை இன்னொரு மேசைமேல் ஏற்றி ஒரே சாமானாக விற்பார்கள், வியாபாரத்தில் இதற்குக் கல்யாணம் என்றே பெயர். மேல்பகுதியைத் தூக்கச் சொல்லி, அதன் அடியில் மறைந்திருந்த மேசையின் மேல்பலகையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தக் காலத் தச்சர் நல்ல மரத்தையும் பாலிஷையும் வீணாக்க மாட்டார். அங்கேயும் பளபளவென்று இருந்தால் அந்த மேசை ஒரு காலத்தில் தனியாக நின்றது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.